லத்தீன் சட்டச்சொற்களுக்குள் மறைந்திருக்கும் வாக்கியங்கள்

எழுத்தாணி:

பழைய இங்கிலாந்துச் சட்ட நூல்களைப் படிக்க விரும்பும் தமிழர்களுக்காக ஒரு சொற்பொருள் விளக்கத்தைத் தொகுத்து வருகிறேன். கையில் கிடைக்கும் அகராதிகள் லத்தீன் சொல் ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு பெயர்ச்சொல்லை வைத்துவிட்டு நகர்ந்துவிடுகின்றன. ஹேபியஸ் கார்பஸ் என்றால் ஆட்கொணர்வு, மாண்டமஸ் என்றால் கட்டளையுறுத்தும் பேராணை, செர்ஷியோராரி என்றால் ஆவணக் கேட்புப் பேராணை, கோ வாரண்டோ என்றால் தகுதிமுறை வினவும் பேராணை. இந்தத் தமிழாக்கங்கள் அந்தந்தப் பேராணையின் நோக்கத்தைச் சரியாகவே சொல்கின்றன. ஆனால் மூலத்தின் இலக்கணத்தைப் பார்த்தால் இந்த நான்கில் ஒன்றுகூடப் பெயர்ச்சொல்லாக இல்லை.

மாண்டமஸ் என்பது தன்மைப் பன்மை வினைமுற்று. 'ஆணையிடுகிறோம்' என்று பொருள். ஹேபியஸ் முன்னிலை ஒருமையில் வருகிறது. 'நீ கொண்டிருப்பாயாக' என்பது அதன் நேர்ப்பொருள். செர்ஷியோராரி செயப்பாட்டுவினையின் ஒரு முற்றுப்பெறாத வடிவம். 'உறுதிபட அறிவிக்கப்பெற' என்று சொல்லலாம். கோ வாரண்டோவோ ஒரு முழுக் கேள்வி: 'எந்த அதிகாரத்தின் பேரில்?'

காரணம் எளியது. இடைக்கால இங்கிலாந்தில் பேராணை என்பது அரசரின் பெயரால் ஷெரீப் என்னும் மாவட்ட அரச அதிகாரிக்கோ சிறைக்காவலருக்கோ கீழ்நீதிமன்றத்துக்கோ லத்தீனில் எழுதி முத்திரையிட்டு அனுப்பப்பட்ட ஒரு கடிதம். ஒரே வகைக் கடிதம் நூற்றுக்கணக்கில் எழுதப்பட்டபோது, பாடலை அதன் முதற்குறிப்பால் அழைப்பதுபோல, அக்கடிதத்தில் தனித்துத் தெரிந்த ஒரு சொல்லையே எழுத்தர்கள் அதற்குப் பெயராக வைத்துக்கொண்டார்கள். வாக்கியம் மறைந்து, அதன் ஒரு துண்டு மட்டும் நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

என் கருத்து இதுதான்: அந்தத் துண்டு எந்த வாக்கியத்திலிருந்து முறிந்தது, அதில் பேசியவர் யார், கேட்டவர் யார் என்பதை மீட்டுத் தராத விளக்கம் அரைகுறை விளக்கம். தமிழ் படித்தவர்களுக்கு இது கடினமாகவும் இருக்காது. லத்தீனைப் போலவே தமிழிலும் வினைச்சொல்லின் ஈற்றிலேயே தன்மையும் முன்னிலையும் படர்க்கையும் அடங்கியிருக்கின்றன. 'ஆணையிடுகிறோம்' என்று ஒரே சொல்லில் நம்மால் சொல்ல முடியும். உங்களுக்குத் தெரிந்த சொற்களையும் அவற்றின் முழு வாக்கியங்களையும் இங்கே எழுதினால் நன்றியுடன் சேர்த்துக்கொள்வேன்.

கருங்குயில்:

சட்டக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஹேபியஸ் கார்பஸ் என்றால் 'உடலைக் கொண்டிருப்பாயாக' என்றுதான் எங்களுக்கும் சொல்லித் தந்தார்கள். ஆனால் அந்த 'நீ' யார் என்று யாரும் சொன்னதில்லை. உயிருடன் இருக்கும் ஒருவரை 'உடல்' என்று ஏன் சொல்ல வேண்டும் என்பதும் எனக்கு விளங்கவில்லை. விளக்க முடியுமா?

எழுத்தாணி:

அந்த 'நீ', ஆளைக் காவலில் வைத்திருப்பவர். கைதிக்கோ வழக்குத் தொடுத்தவருக்கோ அந்தப் பேராணையில் ஒரு சொல்கூட இல்லை. அதன் உள்ளடக்கத்தைத் தமிழில் இப்படிச் சொல்லலாம்: 'உன் காவலில் இருப்பதாகச் சொல்லப்படும் இன்னாரின் உடலை, அவர் பிடிக்கப்பட்ட நாளையும் காரணத்தையும் சேர்த்து, இன்ன நாளில் எம்முன் கொண்டிருப்பாயாக, எமது நீதிமன்றம் முடிவுசெய்வதைச் செய்யவும் அதற்கு உட்படவும் அதனைப் பெற்றுக்கொள்ளவும்.' இறுதியில் வரும் 'உட்படவும்' என்பதே இந்த வகைப் பேராணையின் முழுப்பெயரான ஹேபியஸ் கார்பஸ் ஆட் சப்ஜிசியெண்டம் என்பதில் நிற்கிறது. 'எம்முன்' என்பதைக் கவனியுங்கள். பேசுபவர் அரசர்.

'உடல்' என்ற சொல்லில் இழிவு எதுவும் இல்லை. ஆள் நேரில் வந்து நிற்க வேண்டும், அவர் சார்பில் கடிதமோ பதிலாளோ வந்தால் போதாது என்பதே அதன் கருத்து. இந்தச் சொற்றொடர் தொடக்கத்தில் விடுதலையோடு தொடர்புடையதும் அன்று. வழக்குக்குப் பதில் சொல்லாமல் நழுவும் எதிர்வாதியைப் பிடித்துக் கொண்டுவரவும், சாட்சி சொல்ல ஒருவரைச் சிறையிலிருந்து அழைத்துவரவும் இதே 'உடலைக் கொண்டிருப்பாயாக' பயன்பட்டது. 'ஆட்' என்பதை அடுத்து வரும் சொல் மாறும், முன்பகுதி மாறாது.

இது சிறையைக் கேள்வி கேட்கும் கருவியாக வளர்ந்தது 'காரணத்தையும் சேர்த்து' என்ற சிறு தொடரின் வழியாகத்தான். 1627-இல் முதலாம் சார்லஸ் அரசருக்குக் கட்டாயக் கடன் தர மறுத்துச் சிறைப்பட்ட நைட் பட்டம் பெற்ற ஐந்து வீரத்தகையினர் இந்தப் பேராணையைப் பெற்றார்கள். சிறைக்காவலர் எழுதிய பதிலில் இருந்த காரணம் 'அரசரின் தனிக்கட்டளைப்படி' என்பது மட்டுமே. நீதிமன்றம் அவர்களைப் பிணையில் விட மறுத்துச் சிறைக்கே திருப்பி அனுப்பியது. அந்த ஏமாற்றம்தான் 1628-இல், அரசரின் அதிகாரத்துக்கு வரம்பு கேட்டு நாடாளுமன்றம் தந்த உரிமை மனுவுக்கு வழிவகுத்தது. 1679-ஆம் ஆண்டின் ஹேபியஸ் கார்பஸ் சட்டமோ அந்த 'நீ'யை நேராக நோக்கியது. இருபது மைலுக்குள் என்றால் மூன்று நாளில், நூறு மைலுக்குள் என்றால் பத்து நாளில், அதற்கு மேல் என்றால் இருபது நாளில் ஆளை முன்னிறுத்த வேண்டும். தவறும் காவலர் முதல் முறை 100 பவுண்டும் இரண்டாம் முறை 200 பவுண்டும் கட்ட வேண்டும். விடுமுறைக் காலத்தில் பேராணை தர மறுக்கும் நீதிபதிக்கு 500 பவுண்டு. பேராணையில் பேசப்படுபவர் யார் என்று தெரிந்திருந்தால் இந்தத் தண்டத்தொகைகள் ஏன் காவலர் மீது விழுந்தன என்பது தானே விளங்கிவிடும்.

ஒன்று சொல்லாமல் விட மனமில்லை. 'கொணர்' என்ற தமிழ்ச்சொல் 'கொண்டு வா' என்பதன் சுருக்கம். அதற்குள் 'கொள்' இருக்கிறது. ஹேபியஸ் என்பதன் வேரும் 'கொண்டிருத்தல்'தான். 'ஆட்கொணர்வு' என்று பெயரிட்டவர் இதை எண்ணிப் பார்த்தாரோ இல்லையோ, சொல் அழகாகப் பொருந்தியிருக்கிறது.

வெண்கலத்தராசு:

இழை நன்றாகத் தொடங்கியிருக்கிறது. ஆனால் எழுத்தாணி அவர்கள் 'லத்தீன் சட்டச்சொல்' என்று சொல்வது பெரும்பாலும் இங்கிலாந்து எழுத்தர்களின் இடைக்கால லத்தீன். அதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ரோமானியச் சட்டத்தில் சொல்லுக்கு இருந்த இடமே வேறு. அங்கே சொல் ஒரு கடிதத்தின் பெயராக இருக்கவில்லை, சொல்வதுதான் செயல்.

கி.மு. 451, 450-ஆம் ஆண்டுகளில் தொகுக்கப்பட்ட பன்னிரண்டு பலகைச் சட்டத்தை ஒட்டி வழக்குத் தொடுப்பவர், அச்சட்டத்தின் சொற்களை அப்படியே வாயால் சொல்ல வேண்டும். கி.பி. இரண்டாம் நூற்றாண்டுச் சட்ட ஆசிரியர் கையுஸ் ஒரு வழக்கைக் குறிப்பிடுகிறார். ஒருவருடைய திராட்சைக் கொடிகளை இன்னொருவர் வெட்டிவிட்டார். வழக்குத் தொடுத்தவர் 'கொடிகள்' என்று சொன்னார், வழக்கு போய்விட்டது. ஏனென்றால் பலகையில் 'வெட்டப்பட்ட மரங்கள்' என்றுதான் இருந்தது. அவர் 'மரங்கள்' என்று சொல்லியிருந்தால் வென்றிருப்பார். அந்தச் சட்டம் கொடிகளுக்கும் பொருந்தும் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. சொல்லத் தவறியதுதான் குற்றம். இந்தச் செய்தி நமக்குக் கிடைத்ததே ஒரு தற்செயல். வெரோனாவில் ஒரு தோல்நூலில் புனித ஜெரோமின் எழுத்துகளுக்கு அடியில் சுரண்டி அழிக்கப்பட்டுக் கிடந்த கையுஸின் நூலை ஜெர்மானிய வரலாற்றாசிரியர் நீபூர் 1816-இல் கண்டெடுத்தார்.

இத்தகைய நுணுக்கம் மக்களுக்கு வெறுப்பூட்டியதால் வாய்மொழி மறைந்து, எழுத்து வடிவமான ஃபார்முலா வந்தது என்றும் கையுஸ் சொல்கிறார். எழுத்தாணி தேடும் வாக்கியம் அங்கே முழுதாகவே கிடைக்கிறது: 'டிடியுஸ் நடுவராக இருக்க. நுமேரியுஸ் நெகிடியுஸ், அவுலுஸ் அகேரியுஸுக்குப் பத்தாயிரம் செஸ்டெர்ஸ் காசு தர வேண்டியவர் என்று தெரிந்தால், நடுவர் நுமேரியுஸ்மீது அத்தொகையை விதிக்க; தெரியாவிட்டால் விடுவிக்க.' இதில் வரும் முடிக்கும் வினைகள் மூன்றும் தமிழ் வியங்கோளுக்கு அச்சாகப் பொருந்துகின்றன. மாதிரிப் படிவத்தில் வரும் பெயர்களும் தற்செயலாக வைத்தவை அல்ல. அகேரியுஸ் என்பதில் 'வழக்காடுதல்' என்ற வினை இருக்கிறது. நெகிடியுஸ் என்பதில் 'மறுத்தல்' இருக்கிறது. வழக்காடியாரும் மறுத்தாரும் என்று தமிழில் வைத்துக்கொள்ளலாம்.

பிரேட்டர் என்னும் நீதி அதிகாரிக்கு மூன்று சொற்கள் உரியவை: தோ, தீகோ, அத்தீகோ. 'தருகிறேன், உரைக்கிறேன், உரியதாக்குகிறேன்.' நடுவரைத் தருவது, உரிமை இன்னதென உரைப்பது, பொருளை ஒருவருக்கு உரியதாக்குவது. இந்த மூன்றையும் உச்சரிக்கக் கூடாத நாட்கள் நெஃபாஸ்டி எனப்பட்டன. நீதிமன்ற விடுமுறை என்று நாம் சொல்வதை ரோமானியர்கள் 'மூன்று சொற்கள் ஒலிக்காத நாள்' என்று சொன்னார்கள்.

மாலைநேரம்:

இருவருடைய பதிவுகளையும் விருப்பத்துடன் படித்தேன். இருந்தாலும் வழக்கறிஞராகப் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் ஒரு மறுப்பைப் பதிவுசெய்ய விரும்புகிறேன். சட்டச்சொல்லின் பொருள் அதன் பயன்பாட்டில்தான் இருக்கிறது. வேரைத் தோண்டிப் பார்த்துப் பொருள் சொல்வது சில நேரங்களில் ஆபத்தாகவே முடியும்.

கார்பஸ் டெலிக்டி என்ற தொடரை எடுத்துக்கொள்வோம். சொல்லுக்குச் சொல் 'குற்றத்தின் உடல்'. கொலை வழக்கில் பிணம் கிடைத்தாக வேண்டும் என்பதே இதன் பொருள் என்று பலரும் நம்பினார்கள். 1949-இல் இங்கிலாந்தில் தூக்கிலிடப்பட்ட ஜான் ஜார்ஜ் ஹேக், கொன்றவர்களின் உடலை அமிலத்தில் கரைத்தால் தன்னைத் தண்டிக்க முடியாது என்று எண்ணியதற்கு இந்தத் தொடரைத் தவறாகப் புரிந்துகொண்டதே காரணம். கரையாமல் எஞ்சிய செயற்கைப் பற்களைப் பல் மருத்துவர் அடையாளம் காட்டினார். ஆனால் பற்கள் கிடைத்ததால்தான் சட்டம் அவரைத் தொட முடிந்தது என்று நினைப்பதும் அதே தவறுதான். குற்றம் ஒன்று உண்மையில் நிகழ்ந்தது என்பதற்கான மெய்ப்புதான் கார்பஸ் டெலிக்டி. அதைப் பிணம் இல்லாமலும் சூழ்நிலைச் சான்றுகளால் நிறுவலாம். திருட்டுக்கும் தீவைப்புக்கும்கூட இந்த 'உடல்' உண்டு.

சொல்லின் பொருளை அகராதியில் பிரித்துப் பார்ப்பவர் இங்கே ஏமாறுவார். பயன்பாட்டைப் படித்தவர் ஏமாற மாட்டார்.

எழுத்தாணி:

பயன்பாடே முதன்மை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உங்கள் எடுத்துக்காட்டு எனக்கு எதிராக நிற்கவில்லை என்று நினைக்கிறேன். கார்பஸ் என்ற ஒரு சொல்லை மட்டும் பார்த்தவரே ஏமாறினார்; டெலிக்டி என்பதன் வேற்றுமையைப் பார்த்திருந்தால் ஏமாறியிருக்க மாட்டார். அது ஆறாம் வேற்றுமை. உடல் குற்றத்தினுடையது, கொல்லப்பட்டவருடையது அன்று. 'நூலின் உடல்', 'வாதத்தின் உடல்' என்று நாம் சொல்லும்போது எலும்பையும் சதையையும் நினைப்பதில்லையே.

அதே காரணத்தால்தான் 'பிணம் வேண்டும்' என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பதையும் விளக்கத்தில் சொல்ல விரும்புகிறேன். 1660-இல் சிப்பிங் கேம்ப்டன் என்ற ஊரில் வில்லியம் ஹாரிசன் என்பவர் காணாமல் போனார். அவரைக் கொன்றதாக ஒரு தாயையும் அவருடைய இரு மகன்களையும் தூக்கிலிட்டார்கள். 1662-இல் ஹாரிசன் உயிருடன் திரும்பி வந்தார். அதே நூற்றாண்டின் நீதிபதி மேத்யூ ஹேல், கொலைச்செயல் நிகழ்ந்தது மெய்ப்பிக்கப்பட்டாலன்றி, அல்லது குறைந்தது உடலேனும் கிடைத்தாலன்றி, ஒருவரையும் கொலைக்குத் தண்டிக்க மாட்டேன் என்று எழுதினார். அதில் 'அல்லது' என்ற சொல் இருக்கிறது. படித்தவர்கள் அதைத் தாண்டிப் போய்விட்டார்கள்.

வெண்கலத்தராசு:

மாலைநேரம் அவர்களின் எச்சரிக்கைக்கு என் பங்காக ஒரு சான்று தருகிறேன். அது உங்கள் இருவருக்குமே துணைசெய்யும். இனியூரியா என்ற சொல் ரோமானியச் சட்டத்தில் உடற்காயத்தை மட்டும் குறிக்கவில்லை. உரிமைக்கு மாறான அவமதிப்பு, மானத்தைத் தாக்குவது என்பதே அதன் உள்ளடக்கம். பன்னிரண்டு பலகைகள் சிறு இனியூரியாவுக்கு 25 ஆஸ் என்னும் வெண்கலக் காசுகளைத் தண்டமாக வைத்திருந்தன. காலப்போக்கில் காசின் மதிப்பு சரிந்தது. லூகியுஸ் வெராடியுஸ் என்ற செல்வர் தெருவில் எதிர்ப்பட்டவர்களைக் கன்னத்தில் அறைந்துகொண்டே போவாராம். பின்னால் பணப்பையுடன் வரும் அடிமை, அறைபட்டவருக்கு உடனே 25 ஆஸ் எண்ணித் தருவானாம். ரோமானிய எழுத்தாளர் அவுலுஸ் கெல்லியுஸ் இதைப் பதிவுசெய்திருக்கிறார். இதனால்தான் பிரேட்டர்கள் அந்த நிலையான தொகையைக் கைவிட்டு, அவமதிப்பின் அளவை மதிப்பிட நடுவர்களை அமர்த்தும் முறைக்குப் போனார்கள்.

இதைத் தெரிந்துகொண்டு 'வோலெண்டி நான் ஃபிட் இனியூரியா' என்ற முதுமொழியைப் படிக்க வேண்டும். 'இசைந்தவருக்குக் காயமில்லை' என்று மொழிபெயர்த்தால் பொருளே கெட்டுவிடும். மற்போரில் இசைந்து இறங்கியவருக்குக் கை முறியலாம். காயம் உண்டு, அநீதி இல்லை. 'இசைந்தவனுக்கு இழைக்கப்படும் அநீதி இல்லை' என்பதே சரி. வோலெண்டி என்பது நான்காம் வேற்றுமை.

நெடுவழி:

இழையில் தாமதமாகச் சேர்கிறேன். நிசி பிரியுஸ், லாட்டிட்டாட், இக்னோராமஸ் ஆகிய மூன்றையும் எழுத்தாணி அவர்கள் தம் தொகுப்பில் சேர்க்க வேண்டும். மூன்றும் வாக்கியத்திலிருந்து முறிந்தவை. மூன்றிலும் முறிந்த இடம் வெவ்வேறு.

நிசி பிரியுஸ் என்பதற்கு 'அதற்கு முன் இல்லாவிடில்' என்று பொருள். இதை மட்டும் வைத்துக்கொண்டு யாராலும் எதையும் புரிந்துகொள்ள முடியாது. வழக்கைத் தீர்க்கும் பன்னிரண்டு ஜூரிகளையும் ஊர்களிலிருந்து வெஸ்ட்மின்ஸ்டருக்கு வரச்சொல்வது பெருந்துன்பமாக இருந்தது. 1285-ஆம் ஆண்டின் இரண்டாம் வெஸ்ட்மின்ஸ்டர் சட்டம் ஒரு வழி செய்தது. 'இன்ன நாளில் ஜூரிகளை வெஸ்ட்மின்ஸ்டருக்கு வரச்செய். அதற்கு முன் அரசரின் நீதிபதிகள் உன் மாவட்டத்துக்கு வந்துவிடாவிடில்' என்று ஷெரீபுக்கு எழுதினார்கள். நீதிபதிகள் எப்போதுமே அதற்கு முன் வந்துவிடுவார்கள். அதனால் வாக்கியத்தின் முதன்மைக் கட்டளை ஒருபோதும் நிறைவேறாது. நிபந்தனைத் தொடர்தான் உண்மை நடைமுறை. ஊர்களில் நடக்கும் உரிமையியல் விசாரணை முழுவதற்கும் அந்த நிபந்தனையே பெயராகி, 1971-ஆம் ஆண்டுச் சட்டம் சுற்று நீதிமன்றங்களை ஒழிக்கும்வரை வாழ்ந்தது.

லாட்டிட்டாட் என்பது படர்க்கை ஒருமை வினைமுற்று: 'ஒளிந்துகொண்டே இருக்கிறான்'. இதன் பின்னால் இருப்பது வழக்கறிஞர்கள் கட்டிய ஒரு முழுக் கற்பனை. கடன் வழக்குகள் பொது வழக்கு நீதிமன்றத்துக்கே உரியவை. அரச ஆசன நீதிமன்றம் அவற்றைத் தன் பக்கம் இழுக்க விரும்பியது. தன் காவலில் இருப்பவர்மீது எந்த வழக்கையும் அது கேட்கலாம். எனவே கடன்பட்டவர் மிடில்செக்ஸ் மாவட்டத்தில் அத்துமீறல் செய்தார் என்று ஒரு பொய்க் குற்றச்சாட்டு எழுதப்படும். ஷெரீப் 'அகப்படவில்லை' என்று பதில் எழுதுவார். உடனே அவர் உண்மையில் வாழும் மாவட்டத்தின் ஷெரீபுக்கு, 'அவன் உன் மாவட்டத்தில் ஒளிந்தும் ஓடியும் திரிகிறான்' என்று பேராணை போகும். தன் வீட்டில் அமைதியாக அமர்ந்திருந்த மனிதரை, அவர் எங்கும் ஒளியவில்லை என்று அனைவருக்கும் தெரிந்திருந்தும், அரசரின் முத்திரையோடு 'ஒளிந்து திரிபவன்' என்று எழுதினார்கள். 1832-இல்தான் இது ஒழிந்தது. மொழியில் நம்பிக்கை உள்ள எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் மனம் வருந்துகிறது. நீதிமன்றத்தின் கதவைத் திறக்க ஒரு பொய்தான் திறவுகோலாக இருந்திருக்கிறது.

இக்னோராமஸ் தன்மைப் பன்மை: 'அறியோம்'. குற்றச்சாட்டை விசாரணைக்கு அனுப்பலாமா என்று பார்க்கும் பெருஞ்ஜூரி, சான்று போதாது என்று கண்டால் அது எழுதப்பட்ட தோல்தாளின் பின்புறத்தில் இந்தச் சொல்லை எழுதும். போதும் என்றால் 'மெய்யான குற்றச்சாட்டு' என்று பொருள்படும் பில்லா வேரா. 1615-இல் கேம்பிரிட்ஜில் முதலாம் ஜேம்ஸ் அரசர் முன் நடிக்கப்பட்ட ஒரு லத்தீன் நாடகத்தில் அறிவிலியான வழக்கறிஞர் பாத்திரத்துக்கு இப்பெயரை வைத்தார்கள். அன்றிலிருந்து ஆங்கிலத்தில் 'மூடன்' என்ற பொருள் ஒட்டிக்கொண்டது. ஆனால் 1681-இல் ஷாஃப்ட்ஸ்பரி பிரபு மீது அரசுத்துரோகக் குற்றம் சாட்டப்பட்டபோது, லண்டன் பெருஞ்ஜூரி அரசின் விருப்பத்துக்கு எதிராக எழுதியதும் இதே 'அறியோம்'தான். மிகுந்த துணிவோடு எழுதப்பட்ட சொல் இன்று வசைச்சொல்லாகக் கிடக்கிறது.

கருங்குயில்:

காவியட் எம்ப்டார் எழுத்தாணி அவர்களின் விதிக்குப் பொருந்துமா? அதை ரோமானியச் சட்டத்தின் அடிப்படைக் கொள்கை என்று எங்கள் பாடக்குறிப்பில் எழுதியிருக்கிறார்கள்.

வெண்கலத்தராசு:

இலக்கணம் பொருந்தும், 'வாங்குவோர் காத்துக்கொள்க' என்ற தூய வியங்கோள் அது. ஆனால் பாடக்குறிப்பு தவறு. லத்தீனில் இருப்பதெல்லாம் ரோமிலிருந்து வந்ததாகக் கொள்வதால் விளையும் பிழை இது. ரோமின் சந்தையை மேற்பார்த்த ஈடில் என்னும் அதிகாரிகள் நேர்மாறான விதியை வைத்திருந்தார்கள். அடிமைகளையும் கால்நடைகளையும் விற்பவர் நோயையும் குறையையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், தமக்கே அது தெரியாமல் இருந்திருந்தாலும், வாங்கியவர் ஆறு மாதத்துக்குள் விற்பனையை முறித்துப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். மனிதரை விலைபொருளாக்கிய கொடுமையின் நடுவே எழுந்த விதி என்பதை மறக்கக் கூடாது. இருந்தாலும் அன்றைய ரோமில் காத்துக்கொள்ள வேண்டியவர் விற்பவர்தான்.

வாங்குபவர்மீது சுமையை இறக்கியது இங்கிலாந்துப் பொதுச்சட்டம். 1603-இல் ஒரு பொற்கொல்லர் ஒரு கல்லை, நஞ்சை முறிக்கும் பெசோவார் கல் என்று சொல்லி 100 பவுண்டுக்கு விற்றார். அது பெசோவார் அன்று என்று வாங்கியவர் வழக்காடினார். 'அப்படிச் சொன்னது வெறும் கூற்று. உறுதிமொழி தந்ததாக வழக்கில் சொல்லப்படவில்லை' என்று வழக்கு அவருக்கு எதிராக முடிந்தது. 1893-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் உள்ளுறை உறுதிமொழிகளை எழுத்தில் வைக்கும்வரை அந்தக் கடுமை பெருமளவு நீடித்தது.

மாலைநேரம்:

இவ்வளவு அழகையும் படித்த பிறகு என் அடிப்படைக் கேள்விக்கு வருகிறேன். வழக்கில் சிக்கிய எளிய மனிதருக்கு இதெல்லாம் எதற்கு? அவரைப் பற்றிய வழக்கு, அவருக்குப் புரியாத மொழியில் நடந்தது. இங்கிலாந்து நாடாளுமன்றம் 1650-இலேயே சட்ட ஆவணங்களை ஆங்கிலத்துக்கு மாற்றச் சட்டம் இயற்றியது. 1660-இல் முடியாட்சி திரும்பியதும் அது போயிற்று. மீண்டும் 1730-இல் இயற்றி, 1733 மார்ச் 25 முதல் நடைமுறைப்படுத்தினார்கள். லத்தீனோடு, எழுத்தர்களுக்கு மட்டுமே புரிந்த நீதிமன்றக் கையெழுத்தும் சொற்சுருக்கங்களும் தடைசெய்யப்பட்டன. 1999 ஏப்ரல் 26 முதல் அங்கே சப்பீனாவை 'சாட்சி அழைப்பாணை' என்றும், எக்ஸ் பார்ட்டே என்பதை 'அறிவிப்பின்றி' என்றும் சொல்கிறார்கள். 2004-இல் மாண்டமஸும் செர்ஷியோராரியும்கூட ஆங்கிலப் பெயர் பெற்றுவிட்டன. 2022 முதல் மணமுறிவில் டிக்ரீ நிசி என்பதும் 'நிபந்தனை ஆணை' ஆயிற்று. இதை ஓர் இழப்பாக யாரும் பார்க்க வேண்டியதில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

எழுத்தாணி:

இழப்பாக நானும் பார்க்கவில்லை. வழக்காடுபவருக்குத் தம் வழக்கு புரிய வேண்டும் என்பதில் உங்களுக்கும் எனக்கும் வேறுபாடே இல்லை. ஆனால் 1733-க்கு முன் எழுதப்பட்ட நீதிமன்ற ஏடுகள் அழிந்துவிடவில்லை. அவற்றில் இருக்கும் மனிதர்களைப் படிப்பவருக்கு இந்த மொழி தேவை. என் தொகுப்பு அவர்களுக்கானது.

அந்த மாற்றத்திலும் ஒரு செய்தி இருக்கிறது. நிசி பிரியுஸ், ஹேபியஸ் கார்பஸ் போன்ற பெயர்களை ஆங்கிலத்தில் சொல்ல முயன்றபோது பொருந்தவில்லை. உடனே இன்னொரு சட்டத்தால் அவற்றுக்கு விலக்கு அளித்தார்கள். இதைச் சொல்லும் பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலச் சட்ட ஆசிரியர் பிளாக்ஸ்டன் இன்னொன்றையும் சொல்கிறார். முத்திரைத் தீர்வை தாளுக்கு இத்தனை சொல் என்ற கணக்கில் இருந்தது. தனித்தனி இடைச்சொற்கள் நிறைந்த ஆங்கிலம் லத்தீனைவிட நீளமானது. எனவே தாள்கள் பெருகின, செலவும் கூடியது. 'ஆணையிடுகிறோம்' என்ற ஒரு சொல்லுக்கு ஆங்கிலத்தில் இரண்டு சொல் வேண்டும். வினையின் ஈற்றில் ஆளைச் சுமக்கும் மொழிக்கும் சுமக்காத மொழிக்கும் இடையிலான வேறுபாடு முத்திரைத்தாள் செலவில் தெரிந்திருக்கிறது. தமிழ் அந்த வகையில் லத்தீனின் பக்கம் நிற்கிறது என்பதால்தான் இத்தொகுப்பைத் தமிழில் செய்ய முடியும் என்று நம்புகிறேன்.

நெடுவழி:

டியோடண்ட் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தியோ தாண்டும், 'இறைவனுக்குக் கொடுக்கத்தக்கது'. ஒருவரின் சாவுக்குக் காரணமான வண்டியோ விலங்கோ, அல்லது அதன் மதிப்போ, அரசருக்குப் போய்ச்சேரும். அறப்பணிக்குச் செலவிடுவதற்காக என்பது கோட்பாடு. ரயில் வந்தபின் ஜூரிகள் இன்ஜின்கள்மீது பெருந்தொகையை விதிக்கத் தொடங்கினார்கள். 1846-இல் இதை ஒழித்த அதே ஆண்டில், விபத்தில் இறந்தவரின் குடும்பத்துக்கு இழப்பீடு கேட்கும் உரிமையைத் தந்த சட்டமும் வந்தது. கொடுக்கத்தக்கது என்ற சொல் போனது. கொடுக்கப்பட வேண்டியவர் யார் என்பது அப்போதுதான் மாறியது.

கருங்குயில்:

கடைசியாக ஒரு ஐயம். அஃபிடவிட் என்பதும் வினைமுற்றுதானா? நாங்கள் அதை 'நான் உறுதி கூறுகிறேன்' என்று தொடங்கி எழுதப் பழகுகிறோம்.

எழுத்தாணி:

வினைமுற்றுதான், ஆனால் நீங்கள் எழுதும் வாக்கியத்தினுடையது அன்று. அஃபிடவிட் என்பது இடைக்கால லத்தீனில் படர்க்கை ஒருமை இறந்தகாலம்: 'உறுதி கூறினார்'. நீங்கள் தன்மையில் 'கூறுகிறேன்' என்று எழுதுகிறீர்கள். பெயரோ படர்க்கையில் 'கூறினார்' என்கிறது. உங்கள் எதிரே இருக்கும் இன்னொருவர், நீங்கள் உறுதிமொழி எடுத்துக்கொண்டதைக் கண்டு பதிவுசெய்வதுபோல அந்தச் சொல் அமைந்திருக்கிறது. அவர் முன்னிலையில் எடுத்த உறுதி என்பதால்தான் அந்தத் தாளுக்கு மதிப்பு. தமிழில் நாம் சொல்லும் 'உறுதிமொழி ஆவணம்' என்பதில் அந்த இரண்டாவது ஆள் இல்லை. என் தொகுப்பில் இந்தச் சொல்லுக்கு எதிரே 'உறுதி கூறினார் (என்று பதிந்தது)' என்று எழுதப் போகிறேன். மாலைநேரம் அவர்களுக்கு மறுப்பு இருந்தால் அச்சுக்குப் போகும் முன் சொல்லுங்கள்.

மாலைநேரம்:

மறுப்பில்லை. அடைப்புக்குறியை மட்டும் எடுத்துவிடுங்கள். பதிந்தவரும் அந்த வாக்கியத்தில் ஒருவர்.